திரைக்குப் பின்னால் ஒரு 'சரி'

இடமாற்றலாகி வந்த நர்ஸ் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தபோது மதியம்தான். ஆனாலும் மழை இருட்டில் விளக்குகள் எரிந்தன. ஸ்பிரிட் வாசனையோடு ஈரச் சுவரின் வாடையும் மூக்கில் ஏறியது.

அங்கே ஒரு விதி. குழந்தையின் நரம்பில் எதை ஏற்றினாலும் ஒருவர் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். இன்னொருவர் குப்பியைத் தன் கண்ணால் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். நல்ல விதிதான். வேலை கழுத்தை நெரிக்கும்போது யார் மதிக்கிறார்கள்? அவரவர் நின்ற இடத்திலிருந்தே 'சரி' என்று கத்திவிட்டுப் போனார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பொடியன். கையில் மருந்து ஏற்றும் குழாய் அடைத்திருந்தது.

"வலிக்குமா சிஸ்டர்?" என்றாள் அவன் அம்மா.

"இல்லம்மா, வெறும் சலைன்தான். அடைப்பு போயிடும்."

சலைன் தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்து ஊசியில் உறிஞ்சினாள். "சலைன், அஞ்சு மில்லி!" என்று பொதுவாகக் குரல் கொடுத்தாள்.

"சரி," என்றது திரைக்குப் பின்னால் ஒரு களைத்த பெண் குரல்.

ஊசியைக் குழாயில் பொருத்தினாள்.

"சரி."

இப்போது காதருகில்.

திரும்பினாள். யாருமில்லை.

"சரி... சரி... சரி..."

அது அழுதது. சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன.

"நான் பாக்கல," என்று கிசுகிசுத்தது. "நீயாவது பாரு."

குப்பியைப் பார்த்தாள். பொட்டாசியம். யாரோ தட்டு மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்படியே ஏற்றியிருந்தால் பையனின் இதயம் அங்கேயே நின்றிருக்கும். ஊசியைக் குழாயிலிருந்து சட்டென்று கழற்றினாள்.

"சிஸ்டர்," என்றாள் அம்மா மெதுவாக. "உங்க கையைப் பிடிச்சிட்டிருக்கிற சிஸ்டர் ஏன் அழறாங்க?"

நடந்ததைக் கேட்ட தலைமை நர்ஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என் வேலை போயிடுமாக்கா?"

"போகாது. உனக்கு முன்னாடி இங்க ஒருத்தி இருந்தா. பாக்காம சரின்னுட்டா, ஒரு குழந்தை போயிடுச்சு. எல்லாரும் அவளை நிக்க வச்சுக் கேள்வி கேட்டாங்க. பக்கத்துல உக்காந்து ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. நானும்தான். ஒரே மாசத்துல அவளும் போய்ச் சேந்துட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன்னை அப்படி விடமாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மேலிடத்தில் மல்லுக்கட்டி எல்லோருக்கும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தாள். பொட்டாசியம் தனி அலமாரிக்குப் போய்ப் பூட்டுக்குள் அடங்கியது.

பயிற்சி அறையில் ஜோடி ஜோடியாக நிற்கச் சொன்னார்கள். ஒருவர் படிக்க, மற்றவர் குப்பியை வாங்கிப் பார்க்க வேண்டும். புது நர்ஸுக்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லை. சும்மா நிற்பானேன் என்று தன் குப்பியைத் தானே படித்தாள்.

அது அவள் விரல்களிலிருந்து நழுவியது.

கீழே விழவில்லை.

கண் உயரத்துக்கு எழுந்து, விளக்கு வெளிச்சத்தில் லேபிளைத் திருப்பிக்கொண்டு, அப்படியே நின்றது. வெகு நேரம். அவசரமே இல்லாமல்.