பூச்சாடித் தண்ணீர்

காலையில் கண் விழித்ததும் அவன் மூக்கில் ஒரு நாற்றம் அடித்தது. வேறொருவன் என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். கழுத்துக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து முடித்ததிலிருந்து அவனுக்குச் சோப்புக்கும் சூப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாக்கு காய்ந்த அட்டையாகிவிட்டது, எச்சில் பசையாகிவிட்டது, குரல் என்று வருவது வெறும் காற்று. மூக்காவது உயிர்பெற்றதே. ஆனால் முதலில் திரும்பி வந்ததோ, பூச்சாடியில் தண்டுகள் அழுகிக் கிடக்கும் பழைய தண்ணீரின் வாடை. தித்திப்பும் அழுகலும் கலந்தது. அவனுக்கு அது தெரியும். புற்று என்று டாக்டர்கள் பேர் வைப்பதற்கு முன்பே அவன் தலையணையில் படிந்திருந்த வாடை.

அக்காவிடம் சொல்லவில்லை. அவளை விட்டால் அவனுக்கும், அவனை விட்டால் அவளுக்கும் யாருமில்லை. தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டி அவனை எழுப்பி உட்கார வைத்தவள் அவள்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணி இறக்கி ஏத்தினவன் நீ, உன் தொண்டைக்குள்ள ஒரு வாய் பால் இறங்க மாட்டேங்குது பாரு" என்று சிரிப்பாள். சிரித்து முடித்ததும் சமையலறைக்குப் போய் அழுவாள்.

அவன் உப்பும் சோடாவும் கலந்து, ஈறு எரிய எரிய வாய் கொப்பளித்தான். தாடைக்குக் கீழே தொங்கிய வீக்கத்தைக் கண்ணாடி முன் நின்று அழுத்தி அழுத்திப் பார்த்தான். வாடை போகவில்லை.

"தொண்டை சுத்தமா இருக்கு," அன்றைய செக்கப்பில் மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர் சொன்னார். "வீக்கம் கரண்ட் வச்சதால வந்தது. மெல்ல வடியும்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள்.

திரும்பி வரும்போது மழை. கண்ணாடி ஏற்றிய டாக்சிக்குள் அந்த வாடை குமட்டும்படி நிறைந்திருந்தது. அவன் கண்ணாடியை இறக்கினான்.

"ஈரக்காத்துடா," என்று அக்கா குறுக்கே சாய்ந்து ஏற்றினாள்.

வீட்டில் அவனை விட்டுவிட்டு அவள் மருந்து வாங்கக் கீழே போனாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்தான். ஈரத் துணி வாசனை. தரை துடைத்த மருந்தின் நெடி. ஜன்னல் கம்பியின் துரு. வேறொன்றும் இல்லை. உள்ளங்கையில் ஊதி முகர்ந்தான். தலையணையை எடுத்து முகர்ந்தான். இல்லை. எங்கேயும் இல்லை.

படியில் செருப்புச் சத்தம். ஒரு இருமல். சாவி திரும்பியது.

வாடை உள்ளே வந்தது.

"என்னடா அப்படிப் பாக்குற?" அவள் மறுபடி இருமினாள். "உன் பக்கத்துலயே கிடந்து எனக்கும் தொண்டை கட்டிக்கிச்சு."

"எப்பலேருந்து?" காற்றாகக் கேட்டான்.

"அது கிடக்கு விடு. மழைதான்."

"அக்கா. வாயைத் திற."

"நல்லா இருக்குடா! இத்தனை நாளா அதைச் சொல்லிக் கெஞ்சினது நானு." இருந்தாலும் உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை மாதிரி வாயைத் திறந்தாள்.

அவன் போனில் டார்ச்சைப் போட்டான்.

பல். நாக்கு. அதன் பின்னால் தொண்டை. இடப்பக்கம்.

வெள்ளை ஓரம் கட்டிய சிவப்புப் புண். போன வருடம் டாக்டரின் திரையில் பார்த்தது. அவனுடையது. அதே இடம். அதே வடிவம்.

"ஆ..." என்றாள், டாக்டருக்குக் காட்டுவதுபோல. பாதியில் கரகரத்தது. பிறகு வெறும் காற்று.

"ஒண்ணுமில்லக்கா," என்றான்.

குரல். அவன் பழைய குரல். முழுசாக, தெளிவாக, அறையெங்கும்.

அக்காவின் கண்கள் விரிந்தன. பேசிட்டியேடா என்று உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. வரவில்லை என்பது அவளுக்குத் தெரியவும் இல்லை. அவன் முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். வாயை அகலத் திறந்து. வெளிச்சம் உள்ளே விழ.