ரஞ்சிதத்தின் முகம்

காலையில் மருந்து மையத்தைத் திறந்ததும் பூவிழி பார்க்கிற முதல் வேலை, மயூரியை ரஞ்சிதமாக்குவது. மயூரி நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டை உணரிப்பட்டையில் வைப்பாள். நாடி பதிந்ததும் எதிர்த்திரையில் ரஞ்சிதத்தின் முகம் கண் விழிக்கும். மயூரி சிரித்தால் அதுவும் சிரிக்கும். மயூரி பேசினால் ரஞ்சிதத்தின் குரல் வரும்.

இன்று மயூரி கொட்டாவி விட்டாள். செத்தவளும் விட்டாள்.

"வாயை மூடுக்கா. கோயம்புத்தூர் அம்மா பார்த்துட்டிருப்பாங்க."

"பார்க்கட்டும் புள்ள. ரஞ்சிதம் என்னைக்கு வாயை மூடிட்டு இருந்தா?"

ரஞ்சிதம் மூளைக்காய்ச்சலில் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

எச்.ஐ.வி. மருந்தை அரசு கைவிட்ட பிறகு, நாமக்கல்லில் எல்லாம் கொடைமுகம் என்ற திட்டத்தின் வழிதான். நோயாளியின் முகமும் கதையும் பணக்காரர் வீட்டுத் திரைகளில் ஓடும். பிடித்த முகத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த முகத்துக்கு மருந்து வரும். உயிரோடு இருப்பதை முகம் தினமும் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் உயிர்ச்சான்று. யாரும் எடுக்காத முகம் கிடந்து சாக வேண்டியதுதான்.

ரஞ்சிதத்தின் முகத்தைக் கோயம்புத்தூர் அம்மா ஒரே நாளில் எடுத்துக்கொண்டார். பெரிய கண்கள், குங்குமம், லாரிக்காரப் புருஷனிடமிருந்து நோய் தொற்றிய கதை. மயூரியின் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: திருநங்கை, பாலியல் தொழில். ஐந்து வருடமாக அவள் முகத்தைத் திரையில் விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். நோய்க்குக்கூட நல்ல நடத்தைச் சான்றிதழ் கேட்கிறான்கள் என்று பூவிழிக்குப் பற்றிக்கொண்டு வரும். ரஞ்சிதம் செத்த அன்று, அதை யாருக்கும் சொல்லாமல் மயூரியை நாற்காலியில் உட்கார வைத்து, ரஞ்சிதத்தின் பெயரில் அவள் நாடியைப் பதிய வைத்தது அந்தக் கோபம்தான். அன்றிலிருந்து ரஞ்சிதத்தின் மருந்து மயூரியின் உடம்பில் ஓடுகிறது.

இப்போது கோயம்புத்தூர் சுலோச்சனா அம்மாள் ரஞ்சிதத்துக்கு வேரறு ஊசி வாங்கிக் கொடுத்துவிட்டார். ஒரே ஊசி. கிருமி வேரோடு போய்விடும். பெட்டி நேற்றே வந்துவிட்டது. ஆனால் பெட்டி திறக்கவில்லை. ஒரே நாடி இரண்டு பெயர்களில் பதிவாகியிருக்கிறது, ஒன்றை இறப்பாக முடித்தால்தான் திறப்பேன் என்றது.

"ரஞ்சிதத்தை முடிச்சா ஊசி திரும்பிப் போயிரும்," என்றாள் பூவிழி. "உன்னை முடிக்கணும்க்கா."

மயூரி மூலைத் திரையில் இருந்த தன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "இந்தப் பேரை எனக்கு நானே வெச்சுக்கிட்டேன் கண்ணு. இதுக்காக எங்கப்பன் மண்டையை உடைச்சான். தாலுகா ஆபீஸ்ல நடையா நடந்தேன். 'மயூரி'ன்னு ஒருத்தன் மரியாதையாக் கூப்பிட எத்தனை வருசமாச்சு தெரியுமா?"

"வேண்டாம்னா சொல்லுக்கா. பெட்டியை உடைச்சுப் பார்க்கறேன்."

"உடைச்சா மருந்து கெட்டுரும்னு நீதானே சொன்ன? படிச்ச புள்ள மாதிரிப் பேசு." மயூரி சிரித்தாள். திரையில் ரஞ்சிதம் சிரித்தாள். "அமுக்குடி. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

பூவிழி மயூரியின் பெயருக்கு எதிரே 'இறப்பு' பொத்தானை அமுக்கினாள். மூலையிலிருந்த சின்னத் திரையில் மயூரியின் முகம் கண்ணை மூடிக்கொண்டது. பெட்டி திறந்தது.

ஊசி போட்ட மறுநாள் சுலோச்சனா அம்மாளே அழைத்தார். மயூரி மணிக்கட்டை வைத்தாள்.

"ரஞ்சிதம், நல்லா இருக்கியாம்மா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கனுங்கம்மா."

"உன் சிநேகிதி மயூரி எப்படியிருக்கா?"

பூவிழி திடுக்கிட்டாள். ரஞ்சிதத்தின் வாயால் மயூரி தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். யாருக்கும் தெரியாமல், இந்த அம்மாள் எடுத்துக்கொள்ளட்டும் என்று, தனக்குத் தானே சிபாரிசு செய்திருக்கிறாள்.

"அவ நேத்துச் செத்துப்போயிட்டாளுங்க," என்றது ரஞ்சிதத்தின் குரல்.

"அடக் கடவுளே!" அந்த அம்மாள் நிஜமாகவே அழுதார். "அவளுக்கும் வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா? குடுத்திருப்பேனே!"

எத்தனை தடவை அந்த முகத்தைத் தள்ளிவிட்டாய் என்று கேட்கப் பூவிழிக்கு நாக்கு துடித்தது. மயூரி மறுகையால் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சாகறப்ப அவ பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களாம்மா?" என்று கேட்டார் சுலோச்சனா அம்மாள்.

"இருந்தாங்க," என்றாள் ரஞ்சிதம். "நாந்தான் இருந்தேன்."