தரணியின் எக்ஸ்ரே

துலுக்காணத்தின் கையில் ஓர் எலும்பு குறைந்தது. கையில் என்றால், கம்ப்யூட்டரில் இருந்த எக்ஸ்ரே படத்தில். பிரமிளா கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்றது இருந்த இடம் வெறும் கறுப்பு. போன வாரம் இந்தப் படத்துக்குப் பேர் அடித்தவள் அவள்தான். அன்றைக்கு இரண்டும் இருந்தன.

கை கால் முறிந்து புத்தூருக்குக் கட்டு போட வருகிறவர்கள் முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். அப்படி ஒரு எக்ஸ்ரே சென்டரில்தான் அவள் புருஷன் பரணிக்கு வேலை. அன்றன்றைக்கு எடுத்த படங்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போடுவான். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, பேர், ஊர், போன் நம்பர் அடிப்பது பிரமிளாவின் பாடு. அந்தப் பென் டிரைவ் கண்ட இடத்திலும் நுழைந்து வைரஸைக் கூட்டிவந்ததால், போன வாரம் ஓர் இலவச ஆன்டிவைரஸை எங்கிருந்தோ இறக்கிப் போட்டான். கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவளுக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை.

"கம்பெனி பேரே இல்லியே. எவன் செஞ்சானோ, என்னத்துக்குச் சும்மா குடுக்கறான்?"

"ஏம் காதுடி, ஒண்ணும் ஆவாது. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாத்துக்கினு கீறியே!" என்று பரணி சிரித்தான்.

வெளியே மத்தியான வெயில் கொதித்தது. ரேணிகுண்டா பக்கம் போகும் ரயில் ஒன்று கூவி ஓய்ந்தபின், ஃபேனின் கிறீச்சும், அடுத்த அறையில் தூங்கும் மகள் தரணியின் கையில் போட்ட கட்டிலிருந்து வரும் முட்டையும் பச்சிலையும் கலந்த வாடையும், யாரும் தொடாதபோதும் உள்ளே எதையோ மென்றுகொண்டிருப்பது போன்ற கம்ப்யூட்டரின் சத்தமும்தான் வீட்டில் மிச்சமிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிலிருந்து விழுந்து இடது கையை முறித்துக்கொண்டவள் தரணி. ஏழு வயசு.

திரையின் மூலையில் அந்த ஆன்டிவைரஸின் பச்சைக் கேடயம் சுழன்றது. பிரமிளா அதைத் தட்டினாள். பட்டியல் விரிந்தது. பதினொரு படங்களுக்கு எதிரே சிவப்பில் ஒரே வாசகம்: ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டது, நீக்கப்பட்டது. ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒருத்திக்குக் காறை எலும்பு இல்லை. ஒருவருக்கு முழங்கால் சில்லு இல்லை. முறிந்த எலும்பாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தது.

படம் கெட்டிருக்கும், அவ்வளவுதான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. துலுக்காணத்தின் விஜயபுரத்து நம்பர் பக்கத்திலேயே இருந்தது. அடித்தாள். துலுக்காணத்தின் பெண்சாதி பச்சையம்மாள் எடுத்தாள்.

"நான் எக்ஸ்ரே சென்டர் பரணி வூட்டுலேர்ந்து பேசறேன். அவரு கை எப்பிடிக்கா கீது?"

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது.

"என்னான்னு சொல்றது, தாயி! இன்னிக்குக் காலைல கட்டு பிரிச்சாங்க. தொட்டா களி மாதிரி அமுங்குது. உள்ள எலும்பே இல்லன்றாங்க. வலிக்கலன்னு சொல்லிக்கினு அவரு பாட்டுக்குக் குந்திக்கினு கீறாரு."

பிரமிளா போனை வைத்தாள்.

திரையில் அது பார்த்துவரும் படங்களின் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருநூற்று முப்பத்தாறு. இருநூற்று முப்பத்தேழு.

தரணியின் படம் இருநூற்று நாற்பத்து மூன்று. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை எடுத்த படம். அவள்தான் பேர் அடித்திருந்தாள்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கலாமா? நேற்று கரண்ட் போய் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது நினைவுக்கு வந்தது. பரணிக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை.

இருநூற்று முப்பத்தொன்பது.

படம் இருந்தால்தானே அது கை வைக்கும்! அது வந்து சேருமுன் படத்தையே எடுத்துவிட்டால்?

இருநூற்று நாற்பது.

மகளின் படத்தைத் தேடிப் பிடித்தாள். அழி. நிச்சயமா என்று கேட்டது. ஆமாம். குப்பைத்தொட்டிக்குள்ளும் இது நுழையும் என்று சந்தேகம் வந்தது. அதையும் திறந்தாள். அங்கிருந்தும் அழித்தாள். அடியோடு.

இருநூற்று நாற்பத்திரண்டு.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இருநூற்று நாற்பத்து நான்கு.

தாண்டிவிட்டது! பிரமிளாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மேஜையில் தலை சாய்த்து, கும்பிட்ட சாமியையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அம்மா..."

தரணி விழித்துவிட்டாள். குரலில் அழுகை இல்லை. சிரிப்பு.

"அம்மா, இங்க வந்து பாரேன். வலி போயிடுச்சி!"

பிரமிளா எழுந்தாள். அடுத்த அறைக்குப் போனாள்.

குழந்தை பாயில் உட்கார்ந்திருந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டு அப்படியேதான் இருந்தது. அதற்கு வெளியே நீண்டிருந்த ஐந்து விரல்களையும் வலது கையால் சேர்த்துப் பிடித்து, வெற்றிலை சுருட்டுகிற மாதிரி, நகத்திலிருந்து கட்டுவரைக்கும் சுருட்டினாள் தரணி.

அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். விட்டாள்.

விரல்கள் மெல்லப் பிரிந்து பாயில் படிந்தன.