வலது கையை நீட்டியவள்

மியூரியல் கதவைத் தட்டியபோது ஹெஸ்லாப் பூனைக்காக மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டருக்கு அந்த இங்கிலாந்துக் கடலோர ஊரில் அதைவிட அவசர வேலை கிடையாது. எதிரே அவருடைய நண்பர் பெர்சி, வறுத்த மீன் கடைக்காரர், முந்தாநாள் விபத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரரை நாளைக்குக் கைது பண்ணப் போறாங்க சார்," என்றாள் மியூரியல். "தெரியாம பண்ணிட்டாரு. பேசி, தண்டனையைக் குறைக்கச் சொல்லுங்க."

அவள் கணவன் சென்சு மால்டா தீவுக்காரன். கடலோரக் கோட்டைகளைச் சுற்றிவரும் சைக்கிள் பயணங்களுக்கு மெக்கானிக். பயணம் வந்த ராசலிண்ட், சுண்ணாம்புச் சூளைச் சரிவில் வலப்பக்கம் திரும்பப் போய், சைக்கிளோடு குட்டிக்கரணம் அடித்து, கல்சுவரில் மோதிச் செத்தாள். அவள் சைக்கிளில் பிரேக் கம்பிகள் இடம் மாறியிருந்தன. இங்கே வலது பிரேக் முன்சக்கரத்துக்கு, இடது பின்சக்கரத்துக்கு. வலப்பக்கம் திரும்புகிறவர் வலது கையை நீட்டிக் காட்ட வேண்டும். பிரேக்கில் இடது கை மட்டுமே இருக்கும். சரிவில் அந்தக் கை முன்சக்கர பிரேக்கைப் பிடித்தால் ஆள் பறக்க வேண்டியதுதான்.

"கடல் தாண்டினா எல்லாமே தலைகீழ்தானே சார்? பழக்கதோஷத்துல மாட்டிட்டாரு."

"அவன் என்ன சொல்றான்?"

"எங்க ஊர்லயும் இங்க மாதிரிதான்னு சொல்றாரு. மாட்டிக்கிட்டா யாரும் அப்படித்தானே சொல்வாங்க?"

ஹெஸ்லாப் அவளோடு அவள் வீட்டுக்கு நடந்தார். பெர்சியும் கூப்பிடாமலே ஒட்டிக்கொண்டார். முற்றத்தில் சென்சு மால்டாவிலிருந்து கொண்டுவந்த பழைய சைக்கிள் நின்றது. ஹெஸ்லாப் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு வலது பிரேக்கை அழுத்தினார். சக்கரம் நின்றது.

"பெர்சி, நீயும் அந்தப் பயணத்துல இருந்தியே. காலையில எம்பிள்டன் கிராமத்துல வலப்பக்கம் திரும்பும்போது ராசலிண்ட் கை நீட்டினாளா?"

"நீட்டாம இருப்பாளா? பின்னாலயே வந்தேன். இடது கையால பிரேக் பிடிச்சா, வண்டி அலுங்காம நின்னுது."

"அப்புறம்?"

"க்ராஸ்டர்ல வண்டிகளை விட்டுட்டு டன்ஸ்டன்பரோ கோட்டைக்கு நடந்தோம். சென்சு வேன்ல முன்னாடியே போயிட்டான். அவ புருஷன் கிளைவ் மட்டும் முட்டி வலின்னு வண்டிகிட்டயே உட்கார்ந்துட்டான். திரும்பி வந்தா மீன் பன் தின்னுட்டிருக்கான், பன் மேல கறுப்பா கட்டைவிரல் அடையாளம்! 'என்னய்யா, கிரீஸ் தடவித் திங்கறியா'ன்னு கிண்டல்கூடப் பண்ணேன்."

"அவ விழுந்ததும் என்ன சொன்னான்?"

"பாவம், 'மால்டாக்காரன் பிரேக்கை மாத்தி மாட்டிட்டான்'னு கத்தினான்."

"அதுக்குள்ள வண்டியை யார் பார்த்தா?"

பெர்சி யோசித்தார். அது அபூர்வம். "யாரும் பார்க்கலையே. அது சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்துச்சு."

மாலையில் பயணிகள் தங்கியிருந்த விடுதிக் கூடத்தில் ஹெஸ்லாப் எல்லோரையும் கூட்டினார். போலீஸ் சார்ஜென்டும் சென்சுவும் மியூரியலும் வந்தார்கள். கிளைவ் தேநீரோடு உட்கார்ந்திருந்தான்.

"சென்சு மாத்தி மாட்டியிருந்தா அவ எம்பிள்டன்லயே தடுமாறியிருப்பா," என்றார் ஹெஸ்லாப். "மாத்தினது க்ராஸ்டர்ல, சூளைச் சரிவுக்கு வர்றதுக்கு முன்னாடி. மத்தவங்க கோட்டைக்குப் போய் வர்ற நேரம் தாராளம். வண்டியைப் பார்க்காமலே கோளாறு உமக்கு மட்டும் தெரிஞ்சுது, கிளைவ். பழி போட வெளிநாட்டுக்காரன் இருக்கான்னு தைரியம். ஆனா மால்டாவிலயும் நம்மளை மாதிரியே சாலையில இடப்பக்கம்தான் போறாங்க, நம்மளை மாதிரியேதான் பிரேக் மாட்டறாங்க. அதை நீர் விசாரிக்கலை."

கிளைவ் கோப்பையைக் கீழே வைத்தான். அழுவான் என்று பெர்சி எதிர்பார்த்தார். அவன் சிரித்தான்.

"ஆளில்லாத சந்துலகூடக் கை நீட்டுவா. என்னையும் நீட்டச் சொல்லி உயிரை வாங்குவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே பாடம். அன்னிக்கு ஒரே ஒரு தடவை நீட்டாம இருந்திருந்தா பொழச்சிருப்பா சார்."

சார்ஜென்ட் அவனுக்கு விலங்கு மாட்டிவிட்டு சென்சுவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதேப்பா. 'அவரு பழக்கதோஷத்துல பண்ணியிருப்பாரு'ன்னு உன் பொண்டாட்டியே வந்து சொல்லும்போது நாங்க என்ன பண்றது?"

சென்சு மெல்லத் திரும்பினான். "எப்ப சொன்னே?"

"விபத்து நடந்த அன்னிக்கே," என்றாள் மியூரியல். "ஒத்துக்கிட்டா குறைச்சலா போடுவாங்கன்னு... உங்களைக் காப்பாத்தத்தான்..."

"சொல்லிட்டு வந்துதான் எனக்குச் சோறு போட்டியா?"

அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டான்.

"வீட்டுக்குப் போ மியூரியல். கதவை நல்லாப் பூட்டிக்கோ. வெளிநாட்டுக்காரங்களை நம்பக்கூடாது," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.