மாமன் விரல்

காயம் ஆறவில்லை என்பதைவிட, அது வலிக்கவில்லை என்பதுதான் முத்திருளனை முதலில் உறுத்தியது. திருநகரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன் அவன். ஜன்னலுக்குக் கண்ணாடி, பீரோவுக்குக் கண்ணாடி, சாமி படத்துக்குச் சட்டம் என்று நாள் முழுக்க அறுப்பதும் ஒடிப்பதும்தான் பிழைப்பு. கண்ணாடிக்காரன் கையில் கீறல் இல்லையென்றால் கடையில் வியாபாரம் இல்லை என்று அர்த்தம். கீறினால் கொஞ்ச நாள் சுள்ளென்று இருக்கும், அப்புறம் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும். வலது கட்டைவிரலில் குறுக்கே விழுந்த இந்தக் கீறல் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலாகியும் திறந்தே கிடந்தது. சீழ் கிடையாது, வீக்கம் கிடையாது. உதடு மாதிரி இரண்டு ஓரமும் சிவந்து, எந்நேரமும் லேசாக ஈரம் கட்டியிருந்தது. பிளாஸ்டரைப் பிரித்தால் மருந்து வாசனை வராது. பினாயில் போட்டுத் துடைத்த தரையும் வியர்வை ஊறிய தலையணையும் கலந்த ஒரு வாசனை வரும். அதை அவன் ஒரே ஓர் அறையில்தான் முகர்ந்திருக்கிறான்.

அது நண்பன் மொக்கைச்சாமி கூட்டிப்போன லாட்ஜ் அறை. மதுரைக்காரர்கள் கண்ணில் படாத தூரத்து ஊர். முப்பது தாண்டியும் கல்யாணம் அமையாதவனைத் தேற்றுவதாக நினைத்து மொக்கைச்சாமி செய்த உபகாரம். அதை வேண்டாம் என்று சொல்ல முத்திருளனுக்கும் மனசில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று காலையில்தான் கண்ணாடி விரலைக் கிழித்திருந்தது. அந்த அறையில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கையில ரத்தம் கசியுதே. கழுவிட்டு எதையாச்சும் சுத்திட்டு வாங்க" என்றாள். அவன் கழுவவில்லை. அவ்வளவு அவசரம். பிறகு அவசரமே பயமாக மாறி, மற்றதெல்லாம் கூடிவராமல், அவனுடைய வீரம் கையோடு முடிந்தது. வெளியே வந்து தெருவிளக்கில் பார்த்தான். விரலில் இருந்த ஈரம் தன்னுடையதா, அவளுடையதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

புண் வழியாகப் பால்வினை நோய் வருமா என்று செல்போனில் தேடினான். ஆபத்து மிகக் குறைவு, ஆனாலும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. 'மிகக் குறைவு' என்பதைத் தாண்டிப் போன கண் 'ஆனாலும்' என்ற இடத்தில் போய் நின்றுகொண்டது. அந்தப் பெண்ணைத்தான் நெஞ்சுக்குள் திட்டித் தீர்த்தான். ரத்தக் கையோடு அவளைத் தொட்டவன் தான்தான் என்பதும், கழுவச் சொன்னவள் அவள்தான் என்பதும், திட்டி முடித்த பிறகு மெதுவாக உறைத்தன. அப்போது வந்த வெட்கத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

பரிசோதனைக்கும் போகத்தான் போனான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துத் தெரு டீச்சரம்மா எதிரே வந்து, "என்னப்பா, யாருக்கு முடியல?" என்று கேட்டார். தெரிந்தவரைப் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தவன்தான், திரும்ப அந்தப் பக்கம் போகவில்லை. நோயில் சாவது அவனுக்கு இரண்டாம்பட்சம். அது வந்த வழி வெளியே தெரிவதுதான் பெரிய சாவு.

இந்த நிலையில்தான் தங்கை முத்துமீனா கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து, அழகர்கோவில் கருப்புசாமிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை. விடிந்தால் அங்கே மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் முத்திருளன்.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து சீர்த்தட்டுக்குப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை தவழ்ந்து வந்து அவன் வலது கையைப் பிடிக்கப் பார்த்தது. அவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"என்னண்ணே, வந்ததுல இருந்து பாக்குறேன், மருமகனத் தொடவே மாட்டேங்குற?" என்றாள் முத்துமீனா.

"கையில காயம்மா."

"கையிலதான காயம்? மடியிலயா காயம்?" என்று சிரித்தாள்.

அவன் தயங்கித் தயங்கி, "ஒன் கொழுந்தன் மடியில வச்சுக் குத்திருவோமா?" என்றான்.

அம்மா ராமக்காள் பழத்தைக் கீழே வைத்தாள். "கூறு கெட்டவனே! தாய்மாமன் உசுரோட இருக்கையில இன்னொருத்தன் மடியா? அப்பறம் எம்மகள அந்த வீட்டுல எவன் மதிப்பான்? ஒனக்கு என்னடா நோக்காடு?"

முத்துமீனா பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்துவிட்டது. "எம்புட்டு நாளுண்ணே காத்துக்கெடந்தேன் இதுக்கு" என்றாள் கடைசியில். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். அது தொண்டை வரைக்கும் வந்தது. வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. "சரி, நானே வச்சுக்கிறேன்" என்றான். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவனுக்கு மடியில் இன்னும் எதுவும் ஏறவில்லை, அதற்குள் பயம் வந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போனது. மின்விசிறி மெதுவாக ஓய, தெருவில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தமும், அடுப்படியில் குக்கர் மூச்சு விடுகிற சத்தமும் பெரிதாகக் கேட்டன. முத்திருளன் தன் அறைக் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அந்த இருட்டில், மிக அருகில், ஒரு சின்ன சத்தம். ச்சப். கொஞ்சம் விட்டு மறுபடியும். ச்சப். பிள்ளை பால் குடிக்கிறது என்று நினைத்தான். பச்சைப்பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டு ஒருத்தன் பயப்படுவானா என்று தன்னைத் தானே கேலியும் செய்துகொண்டான்.

அப்போது வாசலில் முத்துமீனாவின் குரல் கேட்டது. "அந்தா பாரு, அங்க பாரு, நிலா" என்று பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை கக்கக்கென்று சிரித்தது.

ச்சப்.

அவன் கையை மெதுவாகக் காதருகே கொண்டுபோனான். சத்தம் பிளாஸ்டருக்குள்ளிருந்து வந்தது.

காலையில் வேனில் அழகர்கோவில் போய்ச் சேரும்வரை அவன் வலது கையை இடது கையால் பொத்தியே வைத்திருந்தான். விரலில் மூன்று பிளாஸ்டர் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அதற்கு மேல் துணியும் சுற்றியிருந்தான். மலையடிவாரத்தில் நல்ல வெயில். குரங்குகள் தேங்காய் மூடிக்குச் சண்டை போட்டன, பொங்கல் வைக்கிற புகை கண்ணைக் கரித்தது. இவ்வளவு வெளிச்சத்தில் என்ன நடந்துவிடும் என்று ஒரு சின்ன தைரியம் அவனுக்கு வந்தது.

பதினெட்டாம்படிக் கருப்புசாமிக்கு அங்கே சிலை கிடையாது. மூடிய கதவுதான் சாமி. கதவு முழுக்கச் சந்தனம் அப்பியிருக்கும். பொய் சொன்னவன் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்ய மாட்டான் என்று சுத்துப்பட்டு ஊரெல்லாம் நம்புகிறது. அவன் கை கூப்பி நின்றான். அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் பிள்ளையோடு தங்கை. உண்மையைச் சொல்லிவிட இதைவிட நல்ல இடம் கிடையாது. சொல்லும் தைரியத்தையாவது கேட்டிருக்கலாம். அவன் கேட்டது அதை அல்ல. கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'இது என்னை விட்டுப் போகட்டும் சாமி. எங்கேயாவது போகட்டும். யாரிடமாவது போகட்டும்' என்று வேண்டினான்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. ச்சப்.

அவன் கண்ணைத் திறந்தான். அம்மா விபூதி பூசிக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

மொட்டை போடும்போது பிள்ளை திமிறியதில் உச்சியில் கத்தி லேசாகப் பட்டு, கடுகளவு ரத்தம் பொடித்தது. "சாமிக்குத்தான, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார் மொட்டை போட்டவர். சந்தனக் கிண்ணத்தை அம்மா அவன் முன்னால் நீட்டினாள். மாமன்தான் முதலில் தடவ வேண்டும். முத்திருளனின் கண் அந்தக் கடுகளவு சிவப்பை விட்டு நகரவில்லை. அவன் இடது கையைக் கிண்ணத்தில் விட்டான்.

அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "பீச்சாங்கையாலயா புள்ள தலையில சந்தனம் தடவுவ? எல்லாரும் பாக்குறாக. அந்தத் துணியக் கழத்துடா!"

"ம்மா, காயம்..."

"இம்புட்டுக் காயத்துக்கு இம்புட்டு வேசமா?" அவளே துணியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சுற்றிலும் சொந்தபந்தம். தங்கை வீட்டு ஆட்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். அவன் வலது கையைக் கிண்ணத்தில் விட்டான். சந்தனம் சில்லென்று இருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு மற்ற விரல்களால் மட்டும் தடவினான், ரத்தம் பொடித்த இடத்தைச் சுற்றிச் சுற்றி, தொடாமல். பிளாஸ்டர் ஊறியது. ஒன்று வழுக்கியது. அடுத்ததும் வழுக்கியது. கையை உதறினான். மூன்றாவதும் கீழே விழுந்தது.

பினாயில் வாசனை. சந்தனத்தையும் தாண்டி.

"ஒக்காருப்பா மாமா" என்றார் காது குத்துகிற ஆசாரி. அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார்கள். சின்ன உடம்பு, சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மடிக்குத்தான் தங்கை காத்திருந்தாள். இந்த மடிக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தான். அவன் அழுவதைப் பார்த்து, "தாய்மாமன் பாசம்" என்று யாரோ உருகினார்கள்.

ஊசி ஏறியது. பிள்ளை வீறிட்டது. அடுத்த காது. மறுபடியும் வீறிட்டது.

பிறகு சட்டென்று அழுகை நின்றது.

பிள்ளை அவன் கட்டைவிரலைப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும். வாய்க்குள் வைத்துக்கொண்டது.

"ஏ, பாருங்கடி! மாமன் விரலப் புடிச்சுக்கிட்டு அழுகைய நிறுத்திட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் இழுத்தான். வரவில்லை. பச்சைப்பிள்ளைப் பிடி, ஆனால் வரவில்லை. நாக்கு காயத்தைத் தேடியது. கண்டுபிடித்தது. ச்சப். ச்சப். உள்ளேயிருந்து ஏதோ நூல் பிரிகிற மாதிரி நழுவிப் போனது. வலிக்கவில்லை.

"விடு" என்றான். "விட்ரு சாமி. விட்ரு."

விட்டது.

விரல் வெளியே வந்தது. எச்சில் பளபளத்தது. வேட்டியில் துடைத்துப் பார்த்தான். காயம் இல்லை. கோடுகூட இல்லை. தோல் வழவழவென்று இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனான். பால் வாசனை.

'அப்பாடா' என்றிருந்தது அவனுக்கு. முதலில் அதுதான் வந்தது. மடியில் பிள்ளை இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

குனிந்து பார்த்தான்.

பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தது. மூடியிருந்த வலது கை மெல்ல விரிந்தது. கட்டைவிரல். குறுக்கே ஒரு கோடு. இரண்டு ஓரமும் சிவப்பு. ஈரம். அது திறந்தது. மூடியது.

பிள்ளை அழவில்லை.

"குடுண்ணே, பசிச்சிருக்கும்" என்று முத்துமீனா வந்து தூக்கிக்கொண்டாள். அவன் வாயைத் திறந்தான். ஒரே ஒரு வாக்கியம். சுற்றிலும் எல்லாரும் இருந்தார்கள். அம்மா அவனையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டான்.

முத்துமீனா மரத்தடியில் திரும்பி உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிள்ளையின் சின்னக் கை கடைசியாக உள்ளே போனது. அவன் அங்கேயே நின்றான். சந்தனக் கையோடு.

முந்தானைக்குள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ச்சப்.

ஒன்றல்ல. இரண்டு.