திரும்பி வந்தவர்களுக்கான தடை

செத்துப்போன தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

மெரியானா மடிக்கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். ராத்திரி முழுக்க இரும்புத்தாதுச் சுரங்கத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்த கண் இல்லாததையும் காட்டும்தான். ஆனால் பச்சை அணையவில்லை. ராவிரி உள்ளே இருக்கிறான் என்றது இணைய விளையாட்டு. அவன் தனியாக மீன்பிடிக்கப் போன படகு சொந்த ஊர்ப்பக்கம் கைபாரா முகத்துவாரத்தில் கவிழ்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. படகின் பலகைகள் கரைக்கு வந்தன, அவன் வரவில்லை.

எவனோ களவாணிப்பயல் கணக்கைத் திருடிவிட்டான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அவன் போன நாளிலிருந்து அவளும் அந்த விளையாட்டைத் தொட்டதில்லை. நெடுநாள் தொடாத கணக்குகளை வீடு வாசலோடு அழிக்கப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்த பிறகுதான் பதறிப்போய்த் திரும்பி வந்தாள். விளையாட்டுக்குள் ஓர் ஏரிக்கரை. அங்கே ராவிரி கட்டிய மரவீடு. தொலைபேசியில் சொல்லக் கூச்சப்பட்டதையெல்லாம் அதன் சுவரில் அக்காவுக்கென்று எழுதி வைப்பான். கல்லறை இல்லாத தம்பிக்கு அந்தச் சுவர்தான் மிச்சம். கடைசியாக என்ன எழுதினான் என்று அவள் இன்னும் படிக்கவில்லை.

படிக்கத்தான் விடவில்லையே. ‘நீண்ட நாள் கழித்துத் திரும்பியவர். பேசத் தடை. பொருள் வாங்கத் தடை. பிறர் வீட்டில் நுழையத் தடை.’ வருடக்கணக்காக விளையாடியவள் அவள். நேற்று முளைத்த பொடிசுகள் குதிரையில் பறக்கின்றன, இவள் தம்பி வீட்டு வேலிக்கு வெளியே பிச்சைக்காரி மாதிரி நிற்க வேண்டுமாம். புகார் எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. ‘உங்கள் பாதுகாப்புக்காகவே இந்தத் தடை’ என்ற ஒரே பதில்தான் ஒவ்வொரு தடவையும் வந்தது.

அன்று காலை வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் டெஸ் எதிரே வந்து உட்கார்ந்தான். பக்கத்து அறைக்காரன், வாய் சும்மா இருக்காது.

“என்ன மெரி, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்க? லாரிய எங்கயாவது இடிச்சிட்டியா?”

“பேசாம பீரக் குடி.”

விடுவானா? விஷயத்தைக் கறந்துவிட்டுத்தான் ஓய்ந்தான். “அட, எனக்கும் இதே கூத்துதான். அஞ்சு வருஷம் கழிச்சுப் போனா, யாருடா நீங்கறான். நான் போட்ட ரோட்டுல என்னையே நடக்க விடல. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சாட்சி சொல்லச் சொல்லு. நீ அவனுக்கு, அவன் உனக்கு. ரெண்டு பேர் தடையும் அப்பவே போயிரும்.”

“எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவன் கடல்ல கெடக்கான்.”

டெஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

இப்போது நடுப்பகல். வெளியே பில்பாராப் பாலைவன வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. சுரங்க முகாம் அறைக்குள்ளே, பகலில் தூங்குகிறவர்களுக்காகத் தொங்கவிட்ட கனத்த கறுப்புத் திரை ஒரு பொட்டு வெளிச்சத்தையும் விடவில்லை. ஏசி தகரச் சுவரை உதறவைத்துக்கொண்டு உறுமியது, சலவைத்தூள் வாசமும் செம்மண் வாசமும் கலந்து மூக்கில் ஏறின, கணினித் திரையின் வெளிச்சம் கட்டிலின் பாதிவரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. மெரியானா கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி, விளையாட்டில் தன் உருவத்தை ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போனாள்.

மரவீட்டில் விளக்கு எரிந்தது. கதவு திறந்தது.

வெளியே வந்தவன் வாசற்படியில் நின்று இரண்டு தடவை குதித்துவிட்டுத்தான் தாண்டினான். படகில் ஏறுமுன் பூட்ஸ் மண்ணை உதறும் பழக்கம். விளையாட்டிலும் அப்படியே செய்வான், கிறுக்குப்பயல். அதைப் பார்த்துச் சிரிக்கிறவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். எந்தத் திருடனுக்கு அது தெரியும்?

அவன் தலைக்கு மேலும் அதே தடை எழுதியிருந்தது. அவனாலும் பேச முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். திறந்த கதவுக்குள் இருட்டில் இன்னும் சிலர் நிற்பதுபோல் இருந்தது.

திரையில் ஒரு கேள்வி எழுந்தது. ‘ராவிரி உங்களுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார். இவரை உங்களுக்குத் தெரியுமா?’

ராவிரி தலையை ஆட்டினான். இடம், வலம். இடம், வலம். சின்ன வயதிலிருந்தே அவள் எதைச் செய்யப் போனாலும் இப்படித்தான் வேண்டாம் வேண்டாமென்று வம்பிழுப்பான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஏசியின் உறுமல் நின்றது. எங்கோ சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. கடற்பாசி வாடை. இந்தச் சுரங்கத்திலிருந்து கடலைப் பார்க்க அரை நாள் வண்டி ஓட்ட வேண்டும்.

‘தெரியும்’ என்று அழுத்தினாள்.

‘தடைகள் நீங்கின. நண்பரும் அவருடன் இருப்பவர்களும் இனி உங்கள் வீட்டுக்குள் வரலாம்.’

அவள் அந்த விளையாட்டில் வீடே கட்டியதில்லை.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

“அக்கா.”

“ராவி? நீதானாடா?”

“தலையாட்டினேனே. பாக்கலயா?”

“என்னடா சொல்ற?”

“சாட்சி சொன்னது நான் இல்ல. இவங்க. என் பேர்ல.”

“எவங்க?”

“நான் விழறதுக்கு முன்னாடியே கீழ இருந்தவங்க. இவ்வளவு நாளும் இவங்கள யாரும் உள்ள விடல.”

மரவீடு காலியாக இருந்தது. வேலியோரத்தில் ராவிரி மட்டும் நின்றான். இன்னும் தலையை ஆட்டிக்கொண்டே.

கட்டிலின் கால்மாடு அழுந்தியது. மெதுவாக. யாரோ உட்காருவதுபோல். மறுபடியும். மறுபடியும்.

பாதம் நனைந்தது. குளிர்ந்த நீர்.

சுவருக்கு அந்தப் பக்கம் டெஸ் தட்டினான். “மெரி, குழாய மூட மறந்துட்டியா? என் ரூமுக்குள்ள தண்ணி வருது. உப்புக் கரிக்குது.”

திரையில் மறுபடியும் எழுத்துகள் வந்தன.

“அக்கா, லைட்டப் போடாத.”

ஆனால் கை போய்விட்டது. சுவிட்சைத் தட்டிவிட்டது.

கட்டில் விளிம்பில், அவளுக்கு முதுகு காட்டி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊறி வெளுத்த முதுகுகள். முடியிலிருந்து நீர் வழிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நெருங்கி, தோளோடு தோள் ஒட்டி, நடுவில் ஒரு ஆள் உட்காருமளவு அவளுக்கு இடம் விட்டார்கள்.