சட்டையில் குத்திய பேர்

தல்லாகுளத்தில் பழைய பங்களா ஒன்றைப் பாதி இடித்து, மீதியோடு ஒட்டுப்போட்டுக் கட்டிய தனியார் ஆஸ்பத்திரி அது. அலங்காநல்லூர் பஸ்ஸிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்து இறங்கினார் பேயாண்டி. வார்டில் எடுபிடி வேலை. அன்றுதான் முதல் நாள்.

மேனேஜர் முத்துக்குமரன் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தான். ஈ விழுந்த டீயைப் பார்ப்பது போல முகம் சுளித்தான்.

“பேயாண்டியா? பேஷண்ட் கேட்டா டிரிப்ஸப் பிடுங்கிட்டு ஓடிருவான்யா.”

“எங்க குலசாமி பேரு சார்.”

“சாமிய ஊர்ல விட்டுட்டு வா. இங்க நீ ரவி.”

இழுப்பறையைத் திறந்து ஒரு பேர் வில்லையை எடுத்துச் சட்டையில் குத்தினான். புதுசு இல்லை. ஊக்கில் எவனுடைய வேர்வையோ துருவாகப் படிந்திருந்தது.

அங்கே அதுதான் வழக்கம். ரவி, குமார், பிரியா என்று வாய்க்கு வழவழப்பான பேராகச் சிலதை அச்சடித்து வைத்திருந்தார்கள். ஆள் போனாலும் பேர் போகாது. அடுத்தவன் மேல் ஏறும். துவைக்காத பனியனை மாட்டிவிட்ட மாதிரி பேயாண்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் வேலையாள் வீட்டுக்கு வைத்தியம் சும்மா. அவர் சம்சாரத்துக்குச் சிறுநீரகம் போய், வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. எச்சிலை விழுங்குவது போல அவமானத்தை விழுங்கிக்கொண்டார்.

மத்தியானம் இரண்டு மணி. பார்க்க வந்த சனமெல்லாம் போய், கட்டிடமே மயங்கிக் கிடந்தது. அடித்தளத்து அழுக்குத்துணி அறையில் பேயாண்டி தனியாகப் போர்வைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். படி மேலிருந்து மேனேஜர் கத்தினான்.

“ரவி!”

பேயாண்டி வாயைத் திறந்தார்.

“வாரேன் சார்.”

அவர் சொல்லவில்லை.

குரல் துணிக்குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தது. பினாயில் நெடியைக் கிழித்துக்கொண்டு மயிர் கருகின நாற்றம் அடித்தது. அந்த நாற்றத்துக்கு அடியில், மெல்லிசாக, அத்தர்.

வெறுங்கால் நடை ஒன்று அவரை உரசிக்கொண்டு போய்ப் படியேறியது.

படியில் யாரும் இல்லை.

மூன்று நாளும் அதே கதை. ரவி என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவருக்கு முந்திக்கொண்டு வேறு ஒருத்தர் பதில் சொன்னார். நாலாம் நாள் நர்ஸ் ரம்யாஸ்ரீயை மடக்கிக் கேட்டார். அவள் முகம் வெளுத்தது.

“முன்னாடி இருந்த ரவிண்ணே அந்தத் துணி ரூம்லதான் நெஞ்சப் பிடிச்சுட்டு விழுந்தாரு, எந்திரிக்கவே இல்ல. மேல அம்புட்டு டாக்டர் இருந்தும் யாருக்கும் தெரியலண்ணே.”

“அவரு நெசப் பேரு?”

அவள் ஜன்னலைக் காட்டினாள். கேட்டுக்கு வெளியே, கறுப்புப் பர்தாவில், கையில் போட்டோவோடு ஒரு பொம்பளை நின்றுகொண்டிருந்தாள்.

“அவங்க பேரு அஜ்மல் பீவி. தேடுறது அந்த ரவிண்ணனத்தான், அவங்க வீட்டுக்காரரு. நெசப் பேரு நூருல் அமீன்.”

மிச்சத்தையும் சொன்னாள். உள்ளேயே சாவு என்றால் விசாரணை வரும். அதனால் காகிதத்தில் ‘ரவி, அனாதை’ என்று எழுதி, முத்துக்குமரன் அன்றைக்கே மின்மயானத்துக்கு அனுப்பிவிட்டான். கபர்ஸ்தானில் அடக்கம் செய்ய வேண்டிய ஆளை எரித்தாகிவிட்டது. பொஞ்சாதி வந்து கேட்டபோது, அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று சாதித்துவிட்டான். நாற்பது நாளாக அவள் நிற்கிறாள். புருஷன் செத்தால் இருக்க வேண்டிய இத்தா இருப்பதா, சோறு எடுத்துவைத்துக் காத்திருப்பதா என்று தெரியாமல்.

“நீ சொல்லலையாம்மா?”

“வேலை போயிரும்ணே.”

பேயாண்டிக்குக் காறித் துப்ப வந்தது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். துப்பவில்லை.

அன்று மத்தியானம் அழுக்குத்துணி அறைக் கதவைத் திறந்ததும் காதோரம் சூடாக மூச்சுப் பட்டது.

“அண்ணே…”

அவர் அசையவில்லை.

“எங்க வீட்டுல சொல்லிருங்கண்ணே.”

வில்லையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படியேறினார். நேராகக் கேட்டுக்குப் போய் அஜ்மல் பீவியை உள்ளே அழைத்து வந்தார். நோயாளிகள் நிறைந்த கூடத்தின் நடுவில் நிறுத்திச் சொன்னார்.

“உங்க வீட்டுக்காரரு இங்கதான்ம்மா வேலை பாத்தாரு. இங்கதான் மவுத்தானாரு. வேற பேர எழுதி எரிச்சுப்புட்டாங்க.”

அவள் அழவில்லை. “எரிச்சாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

முத்துக்குமரன் ஓடி வந்தான். “யோவ், ஒம் பொண்டாட்டி மேல மெஷின்ல கிடக்கா. ஞாபகமிருக்கா?”

“இருக்கு. அவ கட்டிக்கிட்டது பேயாண்டியத்தான். ரவிய இல்ல.”

அவன் அஜ்மல் பீவி பக்கம் திரும்பினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “நூருல் அமீன்னு ஒருத்தன் இங்க வந்ததே இல்லம்மா.”

சுவரில் பீப் என்று சத்தம் கேட்டது.

வேலையாட்கள் விரல் வைத்து வருகை பதிகிற மெஷின். அதன் பக்கத்தில் யாரும் இல்லை. கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல்ரேகை மெதுவாகப் பூத்தது. மேலே எழுத்து ஓடியது.

நூருல் அமீன். வந்துவிட்டார்.

அந்த மெஷினில் அந்தப் பேரை யாரும் ஏற்றினதே இல்லை.

முத்துக்குமரன் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான். ஒயர் அவன் கையில் தொங்கியது. எழுத்து அணையவில்லை.

அஜ்மல் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். அந்த ரேகையின் மேல் தன் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

“சூடா இருக்குண்ணே,” என்றாள்.